வெள்ளத்துல போன சரக்குக்கு விலை போடுறவர் யார்? சர்வேயர் வேலையின் கணக்கு

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கும். சென்னையில வேளச்சேரி, பள்ளிக்கரணை வீடுகளுக்குள்ள மட்டுமில்ல, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளயும் தண்ணி புகுந்தது. அதுக்கப்புறம் இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டவங்க எல்லாரும் முதல்ல சந்திச்ச ஆள் ஒருத்தர்தான். இன்சூரன்ஸ் கம்பெனி மேனேஜர் இல்ல, ஏஜென்ட்டும் இல்ல. சர்வேயர்.

நிலம் அளக்குற சர்வேயரைச் சொல்லல. 'சர்வேயர் அண்ட் லாஸ் அசெஸர்' என்பது இவரோட முழுப் பெயர். எவ்வளவு நஷ்டம், அதுல எவ்வளவுக்கு பாலிசி பொறுப்பு என்று கணக்குப் போட்டு அறிக்கை கொடுக்கிற சுதந்திரமான தொழில்முறை நிபுணர். இந்த வேலைக்குப் போகலாமான்னு எஞ்சினியரிங், சிஏ முடிச்ச பலர் கேட்கிறீங்க. அதனால இந்தப் பதிவுல ரெண்டு விஷயம் பார்ப்போம். இந்த வேலையைத் திறமையா எப்படிச் செய்வது? அது தெரிஞ்சா பாலிசி எடுத்த உங்களுக்கு என்ன லாபம்?

முதல்ல சட்டம் என்ன சொல்லுது?

1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 64யுஎம் பிரிவுதான் இதுக்கு அடிப்படை. இப்போதைய விதிப்படி வாகன கிளெய்ம் ரூ.50,000-ஐயும், மற்றவை ரூ.1 லட்சத்தையும் தாண்டினால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்தாகணும். அவரோட ஃபீஸை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்கும். நீங்க ஒரு ரூபாய்கூட கொடுக்க வேண்டாம்.

சர்வேயர் ஆக, எஞ்சினியரிங், சிஏ, காஸ்ட் அக்கவுன்டன்சி மாதிரி அங்கீகரிக்கப்பட்ட தகுதி ஒண்ணு வேணும். அதுக்கு மேல உரிமம் பெற்ற ஒரு சர்வேயரிடம் 12 மாசப் பயிற்சி, இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நடத்தும் தேர்வு, சர்வேயர்களுக்கான அமைப்பில் உறுப்பினர் பதிவு. இதெல்லாம் முடிஞ்சா ஐஆர்டிஏஐ உரிமம் கிடைக்கும். மூணு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். தீ, எஞ்சினியரிங், மோட்டார், மரைன் கார்கோ, லாப இழப்பு என்று துறைகள் தனித்தனி. லாப இழப்பு எங்க மாதிரி கணக்கு ஆட்களுக்கு ரொம்ப ஏத்தது.

சம்பளம் இல்ல, ஃபைலுக்குத்தான் காசு

இந்த வேலையில மாசச் சம்பளம் கிடையாது. நஷ்டத் தொகையைப் பொறுத்து ஒரு ஃபைலுக்கு இவ்வளவுன்னு ஃபீஸ். அதனால உங்க உண்மையான வருமானத்தை முடிவு செய்றது, அந்த ஃபைலுக்கு நீங்க எத்தனை மணி நேரம் செலவு பண்றீங்க என்பதுதான்.

ஒரு உதாரணம். ஃபீஸ் ரூ.8,000-ன்னு வெச்சுப்போம். போய், பார்த்து, வர 4 மணி நேரம். அறிக்கை எழுத 4 மணி நேரம். மொத்தம் 8 மணி நேரம். ஒரு மணிக்கு ரூ.1,000.

இப்போ ஒரு மெஷினோட சீரியல் நம்பரை எடுக்க மறந்துட்டீங்க. மறுபடி போகணும், இன்னொரு 4 மணி நேரம். பில் கேட்டு, பேலன்ஸ் ஷீட் கேட்டு, அப்புறம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்டுன்னு பிச்சுப் பிச்சு ஃபோன் பண்ணினதுல 4 மணி நேரம். மொத்தம் 16. அதே ஃபைல், மணிக்கு ரூ.500 ஆயிடுச்சு. பெட்ரோல் தனி.

வேகமா வண்டி ஓட்டுறவர் திறமையான சர்வேயர் இல்ல. ஒரே விசிட்ல ஃபைலை முழுசாக்குறவர்தான் திறமையான சர்வேயர். இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. ரெண்டாவது விசிட்டுக்காக நீங்க தள்ளிப்போடுற பத்து நாளும், அந்தப் பக்கம் ஒருத்தர் மூடின கடையோட, ஓடுற இஎம்ஐயோட காத்திருக்கிற பத்து நாள்.

ஒரே விசிட்ல முடிக்க ஆறு பழக்கங்கள்

1. முதல் ஃபோன் கால்தான் பாதி வேலை. ஃபைல் வந்த உடனே கிளெய்ம் போட்டவருக்கு ஃபோன். என்ன நடந்தது, எப்போ, தோராயமா எவ்வளவு நஷ்டம் என்று கேளுங்க. "எதையும் தூக்கிப் போடாதீங்க, நனைஞ்சதையும் நனையாததையும் தனித்தனியா பிரிச்சு வைங்க, சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ஃபோட்டோ, வீடியோ எடுத்துடுங்க"ன்னு அப்போவே சொல்லிடுங்க. இதைச் சொல்லாம விட்டா, நீங்க போகும்போது சரக்கு குப்பை லாரியில போயிருக்கும். அப்புறம் எதை எண்ணுவீங்க?

2. கிளம்புறதுக்கு முன்னாடி பாலிசியைப் படிங்க. எந்த முகவரிக்கு கவர், கட்டடத்துக்கா, சரக்குக்கா, ரெண்டுக்குமா, காப்பீட்டுத் தொகை எவ்வளவு, எக்ஸஸ் எவ்வளவு, பேங்க் பெயர் பாலிசியில இருக்கா? நஷ்டம் நடந்த குடோனோட முகவரியே பாலிசியில இல்லாம இருக்கலாம். அது அங்கே போய் நின்னப்புறம் தெரியக் கூடாது.

3. ஏரியா வாரியா சேர்த்துப் போங்க. வெள்ள நேரத்துல ஒரே நாள்ல பல ஃபைல் வரும். காலையில அம்பத்தூர், மதியம் பெருங்குடி, சாயங்காலம் ஆவடின்னு போனா நாள் ரோட்லயே போயிடும். பின்கோடு வாரியா பிரிச்சு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஆனா நனைஞ்ச உணவுப் பொருள், துணி, மருந்து இருக்கிற இடங்களுக்கு முன்னுரிமை. மெஷின் ரெண்டு நாள் காத்திருக்கும், அரிசி மூட்டை காத்திருக்காது.

4. எப்பவும் ஒரே வரிசையில பாருங்க. வெளியிலிருந்து உள்ளே, தூரத்திலிருந்து கிட்டே. முதல்ல கட்டடத்தோட முழு ஃபோட்டோ, பெயர்ப்பலகையோட. அடுத்து சுவர்ல தண்ணி நின்ன கோடு, பக்கத்துல டேப் வெச்சு. அப்புறம் ஒவ்வொரு அறை, ஒவ்வொரு மெஷின், அதோட சீரியல் நம்பர். தண்ணிக்கோடு மூணு அடியில இருந்தா, அஞ்சு அடி ரேக்ல இருந்த சரக்கு எப்படி நனைஞ்சதுன்னு கேள்வி தானா வரும். நேர்மையா கிளெய்ம் போட்டவரைக் காப்பாத்துறதும் இதே கோடுதான்.

கடைசியா, சேதமான பொருள் பட்டியலை அங்கேயே எண்ணி எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து. முழு சேதம், ரிப்பேர் பண்ணலாம், நல்லா இருக்கு என்று மூணு பிரிவு. பின்னாடி வர்ற சண்டையில பாதி இந்த ஒரு தாளால நின்னுடும்.

5. டாக்குமென்ட் லிஸ்ட்டை ஒரே தடவை, எழுத்துல கொடுங்க. கிளெய்ம் படிவம், வாங்கின பில்கள், ரிப்பேர் கொட்டேஷன், ஸ்டாக் ரிஜிஸ்டர், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட், தணிக்கை செய்த கணக்கு. தீ விபத்துன்னா தீயணைப்புத் துறை அறிக்கையும். தேதி போட்டு ஈமெயில் அனுப்புங்க. ஐஆர்டிஏஐ 2024-ல் வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலர்படி, கிளெய்ம் தெரிவிச்ச 24 மணி நேரத்துல சர்வேயரை நியமிக்கணும், 15 நாள்ல சர்வேயர் அறிக்கை கொடுக்கணும், அறிக்கை வந்த 7 நாள்ல கம்பெனி முடிவு சொல்லணும். தவணை முறையில பேப்பர் கேட்டுட்டு இருக்க அங்கே இடமே இல்ல.

6. அன்னைக்கு ராத்திரியே எழுதுங்க. நிகழ்வு, காரணம், பார்த்தது, கணக்கு, பாலிசி பொறுப்பு என்று ஒரு டெம்ப்ளேட் வெச்சுக்கோங்க. அஞ்சு இடம் பார்த்துட்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தா, எந்தக் கடையில எந்த மோட்டார்னு குழப்பம் வரும்.

கணக்கு எப்படிப் போடுவாங்க?

ஒரு ஹார்டுவேர் கடை. ரெண்டும் கற்பனை எண்கள்தான்: சரக்குக்கு எடுத்த காப்பீட்டுத் தொகை ரூ.45 லட்சம், வெள்ளத்துல சேதமான சரக்கு ரூ.12 லட்சம். வெள்ளத்தன்னைக்குக் கடையில மொத்தம் எவ்வளவு சரக்கு இருந்தது? இதைக் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் எடுக்கணும்.

- ஏப்ரல் 1 ஆரம்பச் சரக்கு: ரூ.40 லட்சம்
- வெள்ளம் வரை கொள்முதல்: ரூ.164 லட்சம்
- வெள்ளம் வரை விற்பனை: ரூ.180 லட்சம். மொத்த லாபம் 20% என்றால் விற்ற சரக்கின் அடக்கவிலை ரூ.144 லட்சம்
- இருந்திருக்க வேண்டிய சரக்கு: 40 + 164 − 144 = ரூ.60 லட்சம்

சேதமான சரக்குல ரூ.2 லட்சத்துக்குக் கழிவு விலை கிடைக்கும். அது போக நஷ்டம் ரூ.10 லட்சம். ஆனா ரூ.60 லட்சம் சரக்குக்கு ரூ.45 லட்சத்துக்குத்தான் பாலிசி. அதாவது 75%. பாலிசியில 'ஆவரேஜ்' நிபந்தனை முழுசா இருந்தா, நஷ்டத்துலயும் 75%தான் கிடைக்கும். ரூ.7.5 லட்சம். அதுலயும் எக்ஸஸ் கழியும்.

அந்த ரூ.2.5 லட்சத்தைக் கம்பெனி ஏமாத்தல, சர்வேயரும் வெட்டல. சரக்கு கூடினப்போ பாலிசியைக் கூட்டாததுக்கான விலை அது. நல்ல சர்வேயர் இதைக் கணக்கோட, நேர்ல உட்கார்ந்து புரிய வெப்பார். காரணம் சொல்லாம ஒரு தொகையை மட்டும் அனுப்பினா, அந்த ஃபைல் ஆறு மாசம் கழிச்சு புகாரா உங்ககிட்டயே திரும்பி வரும்.

எங்கே வேகம் காட்டக் கூடாது?

வெள்ளம் வந்தா ஃபைல் கொட்டும். 15 நாள்ல எத்தனை அறிக்கை ஒழுங்கா எழுத முடியுமோ அத்தனைதான் எடுக்கணும். பார்க்காமலே பார்த்த மாதிரி எழுதுறது, 'ரவுண்டா ஒரு 30% குறைச்சுடலாம்'னு வெட்டுறது, ரெண்டுமே ஆபத்து. சர்வேயர் அறிக்கையே இறுதி வார்த்தை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2009-ல் பிரதீப் குமார் வழக்குல சொல்லியிருக்கு. காரணம் இல்லாத அறிக்கை நுகர்வோர் ஆணையத்துல நிக்காது. அதே வருஷம் ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்குல, பிடிச்ச அறிக்கை கிடைக்கிற வரை கம்பெனி சர்வேயரை மாத்திட்டே இருக்கக் கூடாதுன்னும் சொல்லியிருக்கு.

இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம், ஆனா மூணு விஷயம் யோசிச்சுட்டு வாங்க. ஒண்ணு, பயிற்சிக் காலத்துல வருமானம் குறைவு. ரெண்டு, வருமானம் சீரா வராது. மழைக்காலத்துல குவியும், கோடையில காயும். அதனால குறைஞ்சது ஆறு மாசச் செலவு கையில இருக்கணும். மூணு, பில் போட்ட உடனே பணம் வராது. ஆண்டு வருமானம் ரூ.20 லட்சம் தாண்டி ஜிஎஸ்டி பதிவு எடுத்துட்டா, கம்பெனி பணம் தர்றதுக்கு முன்னாடியே வரி கட்ட வேண்டி வரலாம். எந்த பில் வந்தது, எந்த டிடிஎஸ் கணக்குல ஏறுச்சுன்னு ஒரு எக்செல் ஷீட் கட்டாயம்.

நீங்க பாலிசி எடுத்தவரா இருந்தா

- 2021 ஏப்ரல் முதல் எல்லா பொதுக் காப்பீட்டு கம்பெனிகளும் தர்ற 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டு பாலிசியில மேலே சொன்ன ஆவரேஜ் வெட்டு கிடையாது. சின்ன தொழில்களுக்கான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'விலும் 15% வரை சலுகை உண்டு. அதுக்கு மேல குறைச்சு எடுத்தா வெட்டு வரும்.
- வீட்டுக்குக் காப்பீடு, விலைக்கு இல்ல, திரும்பக் கட்டுற செலவுக்கு. 1,000 சதுர அடி, சதுர அடிக்கு ரூ.2,500 என்றால் ரூ.25 லட்சம் போதும். ஃபிளாட் விலை ரூ.80 லட்சமா இருந்தாலும் சரி.
- வாடகை வீட்ல இருக்கீங்களா? பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.
- சர்வேயரிடம் கொடுக்கிற ஒவ்வொரு பேப்பருக்கும் தேதியோட ஈமெயில் ஆதாரம் வைங்க. அறிக்கையின் நகலைக் கேளுங்க.
- முடிவு திருப்தி இல்லைன்னா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார். அங்கே தீரலைன்னா இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். ரூ.50 லட்சம் வரை, கட்டணம் இல்லாம, வக்கீல் இல்லாம.

இன்னைக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. ஃபோனை எடுத்துட்டு வீட்டைச் சுத்தி ஒரு வீடியோ எடுங்க. டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப், ஏசி, எல்லாத்தோட சீரியல் நம்பரும் தெரியணும். பில் இருந்தா அதையும் ஃபோட்டோ எடுத்து கிளவுட்ல போடுங்க. நாளைக்கு ஒரு சர்வேயர் உங்க வாசல்ல வந்து நின்னா, அவரோட ஒரே விசிட்ல உங்க ஃபைல் முடிய அது போதும்.

ஆவரேஜ் கணக்கை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு சேனல்ல தனி வீடியோவா போடுறேன். உங்க பாலிசியில காப்பீட்டுத் தொகை எவ்வளவு, அதை எப்படி முடிவு பண்ணீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. பாலிசி நம்பரை மட்டும் போட்டுடாதீங்க!