வேகம் பொய் சொல்லும்... வாட் சொல்லாது!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. திண்டுக்கல் - பழனி சாலையில் ஒரு டீக்கடை. ஆபீஸ் நண்பர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

‘‘பெடல்லயே பவர் மீட்டர் வாங்கியாச்சு சார். ஒரு மாச சம்பளம் காலி! இனிமே சக்கரத்துல இருக்கற ஸ்பீடு சென்ஸார் எதுக்கு? கழட்டி யாருக்காவது கொடுத்துடவா?’’

‘‘வீட்ல சொல்லிட்டீங்களா?’’

‘‘எதை... சென்ஸாரையா, சம்பளத்தையா?’’ என்று திருதிருவென விழித்தார்.

சைக்கிளுக்கு ‘வாட்’ புதுசு இல்லை. அப்பா காலத்து டைனமோவே 6 வோல்ட், 3 வாட்! அது நம் காலிடம் பிடுங்கி விளக்குக்குக் கொடுத்தது. பவர் மீட்டர், கால் மொத்தம் எவ்வளவு உழைக்கிறது என்று அளந்து சொல்கிறது. மிதிக்கும்போது பெடல் அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதிலிருந்து மிதியின் பலத்தைக் கணக்கிட்டு, சுற்றும் வேகத்தையும் சேர்த்துப் பெருக்கினால் வாட். 1986-ல் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஜெர்மன் எஞ்சினீயர் உல்ரிச் ஷோபரர். அவருடைய கம்பெனி பெயர் எஸ்.ஆர்.எம். (நம்மூர் காலேஜ் இல்லை சார்!)

இதனால் என்ன லாபம்? ஆடி மாசம் ஒட்டன்சத்திரம் பக்கம் போய்ப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளும். காற்றில்லாத நாளில், சமதரையில் 20 கி.மீ. வேகத்துக்கு நடுத்தர உடம்புக்காரருக்கு சுமார் 70 வாட் போதும். எதிரே 15 கி.மீ. காற்று அடித்தால் அதே 20-க்கு 160 வாட் வரை வேண்டும். திரும்பி வரும்போது, முதுகைக் காற்று தள்ள, 30 வாட்டே ஜாஸ்தி! ஸ்பீடு சென்ஸாருக்கு மூன்றும் ஒன்றுதான்... 20! அதை நம்பி எதிர்க்காற்றில் வீம்புக்கு மிதித்தவர்தான் பாதி வழியில் சோடா கேட்பார்.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். வாட் என்பது நாம் போட்ட முதல். வேகம்தான் வரவு. வரவை எழுதாமல் கணக்கு முடியுமா? அந்த வரவைச் சொல்ல, பழனி ரோடு மாதிரி திறந்தவெளியில் செல்போன் ஜி.பி.எஸ். போதும்.

சிறுமலைக்குப் போனால் கதை வேறு. 18 கொண்டை ஊசி வளைவுகள். ஜி.பி.எஸ். அவ்வப்போது ஒரு புள்ளி வைத்து, அவற்றை நேர்கோட்டில் இணைக்கும். மலையும் மரமும் வேறு மறைக்கும். வளைவு சுருங்கும், வேகம் தாறுமாறாகக் குதிக்கும். சக்கர சென்ஸாருக்கு சாட்டிலைட்டே வேண்டாம். ஒரு சுற்றுக்கு சுமார் 2.1 மீட்டர் என்று எண்ணிக்கொண்டே போகும்.

மழை நாளில் வீட்டுக்குள் ட்ரெய்னரில் மிதிப்பவரா? ‘இவர் இடத்தை விட்டே நகரவில்லை’ என்று ஜி.பி.எஸ். சத்தியம் செய்யும்! அங்கேயும் சென்ஸார்தான் சாட்சி. பவர் மீட்டர் இல்லாதவருக்கு இன்னொரு உபயோகம்... பின்சக்கரம் சுழலும் ட்ரெய்னரின் மாடல் தெரிந்தால், அந்த வேகத்தை வைத்தே வாட்டைத் தோராயமாகச் சொல்லும் சாஃப்ட்வேர்கள் உண்டு. சம்பளம் தப்பிக்கும்!

ஆக, சமவெளியில் மட்டும் ஓட்டினால் கழற்றலாம். மலை, ட்ரெய்னர் என்றால் இருக்கட்டும்.

‘‘அப்ப நான் கழட்டலை சார்’’ என்றார் நண்பர்.

‘‘சரி, வீட்ல?’’

‘‘அங்கே எந்த மீட்டரும் வேணாம். என் முகத்தைப் பார்த்தே எத்தனை ரூபாய்னு சொல்லிடுவா!’’