பதிப்புக் குறிப்பும் பெண்களின் உழைப்பும்: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நூல் வணிகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சிடுதல், வெளியிடுதல், விற்றல், அச்செழுத்து வார்த்தல் ஆகிய நூல்தொழிலின் எல்லாக் கிளைகளிலும் பெண்கள் பங்கேற்றனர். அவர்களைக் கண்டறிய ஆய்வாளர்கள் முதலில் நாடும் சான்று, நூலின் முகப்புப் பக்கத்து அடியில் உள்ள பதிப்புக் குறிப்பாகும். அக்குறிப்பு, யார் வேலை செய்தார் என்பதைப் பதிவு செய்வதற்காக எழுதப்பட்டதன்று. உடைமை, சட்டப் பொறுப்பு, வணிக வசதி ஆகியவையே அதில் யார் பெயர் இடம்பெற வேண்டும் என்பதைத் தீர்மானித்தன. இதனால் சில பெண்களின் பெயர்கள் அவர்களுக்கு உடைமையில்லாத நூல்களில் காணப்படுகின்றன. வேறு சிலருடைய பெயர்கள் அவர்கள் அச்சிட்ட நூல்களிலேயே காணப்படவில்லை. இவ்விரு நிலைகளையும் சில சான்றுகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நூல் வரலாறு, பதிப்புக் குறிப்பு, பெண் அச்சாளர்கள், ஸ்டேஷனர்ஸ் கம்பெனி, கைம்பெண் உரிமை, லண்டன் நூல் வணிகம்

முன்னுரை

அச்சு வரலாற்றைப் பெரிய எழுத்தாளர்களையும் பெரிய வெளியீட்டாளர்களையும் கொண்டு எழுதும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் தொழில்பழகுநர் பதிவேடுகளை டி. எஃப். மெக்கென்சி தொகுத்து வெளியிட்டதும், கிரப் ஸ்ட்ரீட்டின் பெண்கள் குறித்த பவுலா மெக்டவலின் நூல் 1998இல் வெளிவந்ததும் அந்நிலையை மாற்றின. இன்று அத்தொழிலில் பெண்கள் இருந்தனரா என்ற வினாவுக்கு இடமில்லை. அவர்கள் என்ன பணி செய்தனர், அப்பணியை எச்சான்று கொண்டு உறுதி செய்வது என்பவையே எஞ்சியுள்ள வினாக்கள். நூல்களின் முகப்புப் பக்கங்களில் உள்ள பெண்பெயர்களை எண்ணுவதால் மட்டும் இவற்றுக்கு விடை கிடைக்காது.

பதிப்புக் குறிப்பின் அமைப்பு

அக்கால ஆங்கில நூல்களின் முகப்புப் பக்கத்து அடியில் ஊர், பெயர், கடையின் இடம், ஆண்டு ஆகியவை அச்சிடப்பட்டன. அவ்வரியில் வரும் மூவகைத் தொடர்களைப் பிரித்தறிதல் வேண்டும். இன்னாரால் அச்சிடப்பட்டது என்பது அச்சாளரைக் குறிக்கும். இன்னாருக்காக அச்சிடப்பட்டது என்பது பொதுவாகப் பதிப்புரிமை உடையவரை, அதாவது முதலிட்டவரைக் குறிக்கும். இன்னாரால் விற்கப்படுகிறது என்பது விநியோகிப்பவரைக் குறிக்கும்.

1751இல் வெளிவந்த தாமஸ் கிரேயின் புகழ்பெற்ற இரங்கற்பாவின் முதற்பதிப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அது பால் மால் தெருவின் ராபர்ட் டாட்ஸ்லிக்காக அச்சிடப்பட்டது என்றும், பேட்டர்நோஸ்டர் ரோவில் எம். கூப்பரால் விற்கப்படுகிறது என்றும் அதன் குறிப்பு அமைந்துள்ளது. உரிமை டாட்ஸ்லியுடையது, கடைகளுக்கு நூலைக் கொண்டுசேர்க்கும் பணி கூப்பருடையது. அந்த எம். கூப்பர், 1743இல் கணவர் தாமஸ் கூப்பர் இறந்தபின் தொழிலை ஏற்று, 1761இல் தாம் இறக்கும்வரை நடத்திய மேரி கூப்பர் என்னும் பெண்மணியாவார்.

பெயரின் முதலெழுத்து மட்டுமே அச்சிடப்பட்டதால் அவர் பெண் என்பது குறிப்பிலிருந்து புலப்படுவதில்லை. எலிசபெத் மாலெட், அபிகேல் பால்ட்வின் ஆகியோரும் முறையே ஈ. மாலெட், ஏ. பால்ட்வின் என்றே குறிக்கப்பட்டனர். இங்கிலாந்தின் முதல் ஆங்கில நாளிதழான டெய்லி கூரன்ட் 1702 மார்ச் 11ஆம் நாள் ஈ. மாலெட்டின் பெயரில் வெளிவந்தது. சில வாரங்களுக்குள் அது சாமுவேல் பக்லியின் கைக்கு மாறியது. முதலெழுத்தாகச் சுருக்கும் வழக்கம் ஆண்களுக்கும் பொதுவானது; பெண்களை மறைப்பதற்கென்றே அது தோன்றியதன்று. ஆயினும் அதன் விளைவு, பிற்கால நூற்பட்டியல்களில் பல பெண்கள் அடையாளமின்றி நின்றதேயாகும்.

சட்டமும் தொழிற்குழுவும்

குறிப்புகளில் காணப்படும் பெண்பெயர்களுள் பெரும்பாலானவை கைம்பெண்களுடையவை. இதற்குக் காரணம் சட்டத்தில் உள்ளது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி மணமான பெண்ணுக்குக் கணவனின் வேறான சட்ட ஆளுமை இல்லை. அவள் உடைமையும் ஒப்பந்தமும் கணவனுடையவையாகக் கருதப்பட்டன. மனைவி தனித்து வணிகம் செய்வதை லண்டன் நகர வழக்கம் ஓரளவு ஏற்றது எனினும், கணவனும் மனைவியும் ஒரே தொழிலில் இருந்தபோது வெளியே தெரிந்த பெயர் கணவனுடையதே.

கணவனின் மறைவு இந்நிலையை மாற்றியது. 1557இல் அரச சாசனம் பெற்ற ஸ்டேஷனர்ஸ் கம்பெனி, தன் உறுப்பினரின் கைம்பெண் தொழிலைத் தொடரவும் தொழில்பழகுநரை ஏற்கவும் இடமளித்தது. கம்பெனியின் கூட்டு முதலீடான ‘இங்கிலிஷ் ஸ்டாக்’கில் கணவனுக்கிருந்த பங்கும் அவளுக்குத் தொடர்ந்தது, கம்பெனியைச் சாராத ஒருவரை மணந்தால் அது நீங்கியது. 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் புதிய நூல்களின் பதிப்புரிமைக்கு 14 ஆண்டுக் கால அளவை வகுத்தது. ஆசிரியர் உயிருடன் இருப்பின் மேலும் 14 ஆண்டுகள் நீளும். அவ்வுரிமை பங்குகளாகப் பிரித்து விற்கத்தக்கதாகவும் வழிவழியாகச் சேரத்தக்கதாகவும் இருந்தமையால், கைம்பெண்கள் அதற்கும் உடைமையாளர் ஆயினர்.

ஆகவே ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாகக் குறிப்பில் தோன்றும் ஆண்டை அவர் தொழிலுக்கு வந்த ஆண்டாகக் கொள்ளுதல் பிழையாகும். பெரும்பாலும் அது அவர் கணவர் இறந்த ஆண்டையே காட்டுகிறது. கணவன் இறந்தவுடன் ஒரு கைம்பெண் அச்சகத்தைத் தடையின்றி நடத்தத் தொடங்கினாரெனில், அத்தொழிலை அவர் முன்னரே அறிந்திருந்தார் என்பதே பொருந்தும் முடிவு.

பெயர் இருந்தும் உடைமை இல்லாதோர்

1982இல் மைக்கேல் டிரெட்வெல் எழுதிய கட்டுரை, லண்டனில் இயங்கிய ஒரு தனி வகை வெளியீட்டாளரைத் தெளிவுபடுத்தியது. இவர்கள் பிறருக்கு உரிமையான நூல்களைத் தம் பெயரில் வெளியிட்டு விநியோகித்தனர். உண்மை உரிமையாளர் தம் பெயரை மறைக்க விரும்பிய அரசியல் துண்டுநூல்களுக்கும் அங்கத நூல்களுக்கும் இவர்களின் பெயர் திரையாக அமைந்தது. அபிகேல் பால்ட்வினும் மேரி கூப்பரும் இவ்வகையினர்.

அலெக்சாண்டர் போப்பின் டன்சியட் 1728இல் முதன்முதலாக வெளிவந்தபோது, அது டப்ளினில் அச்சாகி லண்டனில் ஏ. டாட்டுக்காக மறுபடியும் அச்சிடப்பட்டது என்று குறிக்கப்பட்டிருந்தது. டப்ளின் பதிப்பு என்று ஒன்று அதற்கு முன் இல்லை. ஆன் டாட், டெம்பிள் பாருக்கு வெளியே கடை வைத்துச் செய்தித்தாள்களும் துண்டுநூல்களும் விற்றவர். தம் காலத்து எழுத்தாளர் பலரைத் தாக்கிய நூலுக்குப் போப் தேர்ந்த மறைவிடம் ஒரு பெண் வணிகரின் பெயராக இருந்தது.

இத்தகைய பெயர் இரவலுக்கு விலை இருந்தது. முன்தணிக்கைக்கு வழிசெய்த உரிமச் சட்டம் 1695இல் காலாவதியானபின், அரச நிந்தனை வழக்குகளே அச்சைக் கட்டுப்படுத்தும் முதன்மைக் கருவியாயின. எழுதியவர், அச்சிட்டவர் என்போருடன் விற்றவரும் வெளியிட்டவராகக் கருதப்பட்டுப் பொறுப்பாளியாக்கப்பட்டார். எழுதியவரைக் கண்டுபிடிப்பது அரிது. கடையில் அமர்ந்து விற்பவரைக் கண்டுபிடிப்பது எளிது. செய்தித்தாள்களை மொத்தமாக வாங்கித் தெருவில் கூவி விற்போருக்கு அளித்த ‘மெர்க்குரி’ என்னும் விநியோகிப்பாளர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஆதலால் அரசின் கை முதலில் எட்டியதும் அவர்களைத்தான்.

1728 ஆகஸ்டு 24ஆம் நாளிட்ட மிஸ்ட்ஸ் வீக்லி ஜர்னல் இதழ் அரசரை மறைமுகமாகப் பழித்தது எனக் கருதப்பட்டபோது, அச்சகத்தாரும் இதழை விற்ற பெண்களும் பிடிக்கப்பட்டனர். இதழின் உரிமையாளரான நதானியேல் மிஸ்ட் அப்போது பிரான்சில் இருந்தார். இத்தகைய வழக்குகளில் ஆன் டாட்டும், 1716இல் கணவரை இழந்து மகள்களுடன் ராயல் எக்சேஞ்சு அருகே வணிகம் நடத்திய எலிசபெத் நட்டும் பலமுறை விசாரிக்கப்பட்டனர். அரசு ஆவணங்களில் எஞ்சியுள்ள இவ்விசாரணைப் பதிவுகளும் மனுக்களும் இப்பெண்களின் வணிக முறையை அறிய உதவும் அரிய சான்றுகளாக உள்ளன. எனினும் நோய், குடும்பச் சுமை, உள்ளடக்கம் அறியாமை ஆகியவற்றைச் சொல்லி விடுதலை வேண்டுவது அம்மனுக்களின் மரபு. அறியாமையை முன்வைத்த வாதத்தைச் சொல்லுக்குச் சொல் நம்பினால், அனுபவம் மிக்க வணிகர்களை ஏதுமறியாதோராகக் கணிக்கும் பிழை நேரும்.

பெயர் மறைந்தோர்

இதற்கு எதிரான நிலையை டேஸி சௌல் வாழ்க்கையில் காணலாம். குவேக்கர் சமயத்தாரின் முதன்மை அச்சாளரான ஆண்ட்ரூ சௌலின் மகளாக 1666இல் பிறந்த அவர், 1690களின் தொடக்கத்தில் அச்சகத்தை ஏற்றார். தந்தைவழி உரிமையால் 1695இல் ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் உறுப்புரிமை பெற்றார். புத்தக வணிகர் ஜான் டன்டன் 1705இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவரைத் தேர்ந்த அச்சுக்கோப்பாளர் எனப் பாராட்டினார். கணவர்வழி வந்த உரிமையோ பெயரளவான மேற்பார்வையோ அவருடையதன்று. எழுத்துக் கோக்கும் கைவினையே அவர் தொழில்.

1706இல் அவர் தாமஸ் ரெய்ல்டனை மணந்தார். அதன்பின் அச்சகத்தின் நூல்கள் அவர் பெயரிலும் வரவில்லை, கணவர் பெயரிலும் வரவில்லை. தாய் ஜேன் சௌலின் பெயரில் வந்தன. குவேக்கர் சமயத்தின் முன்னோடியான மார்கரெட் ஃபெல்லின் எழுத்துகளின் 1710ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் ஜே. சௌல் என்ற பெயரே உள்ளது. தாய் இறந்து பல ஆண்டுகள் கழிந்தபின்னரும் ஜே. சௌலின் உரிமை பெற்றோர் என்ற தொடர் வழங்கியது. குறிப்பை மட்டும் நம்பும் ஆய்வாளர், இறந்துபோன ஒருவரை அச்சாளராகவும், 1749இல் தாம் இறக்கும்வரை அத்தொழிலோடு பிணைந்திருந்தவரை இடையில் ஓய்வு பெற்றவராகவும் கொள்ள நேரும்.

யார்க் நகரின் ஆன் வார்ட் மற்றொரு சான்று. கணவர் சீசர் வார்ட் 1759இல் இறந்தபின் அச்சகத்தையும் யார்க் கூரன்ட் செய்தித்தாளையும் அவர் நடத்தினார். லாரன்ஸ் ஸ்டெர்னின் டிரிஸ்ட்ரம் ஷாண்டி புதினத்தின் முதலிரு தொகுதிகள் அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தன. அவற்றின் முகப்பில் 1760 என்ற ஆண்டு மட்டுமே உள்ளது; ஊரோ அச்சாளர் பெயரோ இல்லை. அவை யார்க்கில் ஆன் வார்டின் அச்சகத்தில் உருவானவை என்பதை 1970இல் வெளிவந்த கென்னத் மங்மனின் ஆய்வு நிறுவியது. ஆங்கிலப் புதின வரலாற்றில் அவ்வளவு பேசப்பட்ட ஒரு நூலின் அச்சாளரை அறிய இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நியூகாசிலின் ஆன் ஃபிஷர், அச்சாளர் தாமஸ் ஸ்லாக்கின் மனைவி. அவர் எழுதிய ஆங்கில இலக்கண நூல் முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. நூலாசிரியராக அறியப்பட்ட அவரே, கணவரது அச்சு வணிகத்தின் பங்காளர் என்ற வகையில் குறைவாகவே பேசப்படுகிறார். 1764இல் தொடங்கிய நியூகாசில் கிரானிக்கிள் ஸ்லாக்கின் பெயராலேயே வழங்கியது. அவர்கள் மகள் சாரா ஹாட்ஜ்சன் 1800இல் கைம்பெண்ணானபின் அச்செய்தித்தாளை நடத்தினார். பெண்வழித் தொழிலறிவு ஒன்று இருந்ததை இது காட்டுகிறது.

குறிப்புக்கு அப்பாற்பட்ட பணிகள்

சில பணிகளுக்குப் பதிப்புக் குறிப்பில் இடமே இல்லை. அச்செழுத்து வார்ப்போரின் பெயர் நூல்முகப்பில் வருவதில்லை. இரண்டாம் வில்லியம் காஸ்லன் 1778இல் இறந்தபின் லண்டனின் புகழ்பெற்ற காஸ்லன் வார்ப்பகத்தை அவர் மனைவி எலிசபெத் 1795இல் தாம் இறக்கும்வரை நடத்தினார். பின்னர் ஹென்றி காஸ்லனின் கைம்பெண்ணான மற்றொரு எலிசபெத், 1799இல் ஏலத்துக்கு வந்த அவ்வார்ப்பகத்தை 520 பவுனுக்கு வாங்கிப் புதிய எழுத்துருக்களை வெட்டச் செய்து நலிந்த தொழிலை மீட்டார்.

இவர்களேனும் தொழில் ஆவணங்களில் பெயருடன் நிற்கின்றனர். காகித ஆலைகளில் கந்தல் துணிகளைத் தரம் பிரித்தோரும், கட்டுநர் கடைகளில் அச்சிட்ட தாள்களை மடித்துத் தைத்தோரும் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் கைபடாத நூல் அரிது. அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை.

முடிவுரை

பதிப்புக் குறிப்பு பயனற்ற சான்றன்று. தனித்து நின்று பொருள் தராத சான்று. அதில் ஒரு பெண்ணின் பெயரைக் காணும்போது, அவர் அந்நூலின் உரிமையாளரா, அச்சாளரா, பிறருக்காகப் பெயர் தந்து அதன் இடரையும் ஏற்றவரா என வினவுதல் வேண்டும். பெயரைக் காணாதபோது, அப்பணியை யார் செய்தார் என்று தொழிற்குழுப் பதிவேடு, விருப்புறுதி ஆவணம், விசாரணைப் பதிவு, அச்செழுத்து, தாள் ஆகியவற்றில் தேடுதல் வேண்டும். ஆன் டாட்டின் பெயர் டன்சியடில் இருக்கிறது, அந்நூல் அவருடையதன்று. டிரிஸ்ட்ரம் ஷாண்டியை அச்சிட்டவர் ஆன் வார்ட். அவர் பெயர் அதில் இல்லை. நூற்பட்டியலில் உள்ள பெண்பெயர்களை எண்ணி மட்டும் எழுதப்படும் வரலாறு, இவ்விருவரையும் தவறாகவே கணக்கிடும்.