நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் சிறுநீர்

முடி கொட்டியது. ரத்த அணுக்கள் சரிந்தன. தாலியம் நஞ்சாக இருக்கும் என்றுதான் லண்டன் மருத்துவர்கள் முதலில் சந்தேகித்தார்கள். 2006 நவம்பர் 1 அன்று ஓட்டலில் தேநீர் குடித்த ஒரு முன்னாள் ரஷ்ய உளவாளியைக் கொன்றுகொண்டிருந்தது பொலோனியம்-210. அது உமிழும் ஆல்ஃபா துகளைத் தோலே தடுத்துவிடும். அதனால் உள்ளே நடக்கும் நாசம் வெளியே வைத்த கருவிக்குத் தெரியவில்லை. கடைசியில் அவரது சிறுநீர்தான் உண்மையைச் சொன்னது. நவம்பர் 23 அன்று அவர் இறப்பதற்குச் சில மணி நேரம் முன்புதான் அந்த முடிவே வந்தது.

அடுத்த வாரங்களில், அந்த நஞ்சின் தடம் இருந்த இடங்களுக்குப் போய்வந்த நூற்றுக்கணக்கானோரின் சிறுநீரையும் சோதிக்க வேண்டியிருந்தது. ஒரு ஊரே திரண்டு வந்தால் என்ன ஆகும்? பிரேசிலின் கோயானியாவில் 1987-இல் வந்தது. கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம்-137 சிதறியதும் 1,12,000-க்கும் அதிகமானோர் பரிசோதிக்கப்பட்டார்கள்; 249 பேரிடம் கதிர்ப்பொருள் இருந்தது. சீசியத்திலிருந்து காமா கதிர் வரும் என்பதால் வெளியிலிருந்தே கண்டுபிடிக்க முடிந்தது. பொலோனியம்போல ஆல்ஃபா துகள் உமிழும் புளூட்டோனியமாக இருந்திருந்தால் அத்தனை பேரும் ஆய்வகத்தை நம்பித்தான் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

பழைய முறையில் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, அமிலத்தில் காய்ச்சி, தனிமத்தைப் பிரித்து, உலோகத் தகட்டில் படியவைத்து, அதன் கதிர்வீச்சை எண்ணி முடிக்கப் பல நாள் ஆகும். இன்றைய விரைவு முறைக்கு ஒருமுறை கழித்த சிறுநீரே போதும். அதிலுள்ள கிரியாட்டினினை வைத்து ஒரு நாள் அளவைக் கணக்கிடுகிறார்கள். குறிப்பிட்ட தனிமத்தை மட்டும் பிடித்துவைக்கும் பிசின் குழாய்கள் வழியாகப் பல மாதிரிகளை ஒரே நேரத்தில் உறிஞ்சி இழுக்கிறார்கள். யுரேனியம் போன்ற நீண்ட ஆயுள் தனிமங்களை நிறை நிறமாலைமானி சில நிமிடங்களில் அளந்துவிடும்.

இந்த வேகம்தான் உயிர் காக்கும். புளூட்டோனியத்தை வெளியேற்றும் டிடிபிஏ மருந்தை முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். எலும்பிலும் கல்லீரலிலும் படிந்துவிட்டால் எடுப்பது கடினம். அவசரச் சோதனையில் நுண்ணிய அளவுகள் தப்பிவிடும் என்று சில வல்லுநர்கள் சொல்கிறார்கள். ஆபத்தில் இருப்பவரை முதலில் பிரித்தெடுப்போம், நுணுக்கத்தைப் பிறகு பார்க்கலாம்.

என் கவலை கருவியைப் பற்றியதல்ல, அதன் முன் உட்காரும் ஆளைப் பற்றியது. கதிர்வேதியியல் படிப்பவர்கள் பல நாடுகளில் குறைந்துவருகிறார்கள். பணம் இருந்தால் கருவியை வாங்கிவிடலாம். மாதிரியைப் பிரிக்கப் பழகிய கையை விபத்து நடந்த அன்று எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அணு உலை வைத்திருக்கும் ஒவ்வொரு நாடும் அந்தக் கைகளை இப்போதே, சம்பளம் கொடுத்து, ஆண்டுதோறும் ஒத்திகை நடத்தித் தயார் செய்தாக வேண்டும்.