சத்தமில்லா விசைப்பலகை

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் நம்மில் பலர் கணினியில் பில் போடத் தொடங்கினோம். பழவேற்காடு ஏரிக்கரைச் சுண்ணாம்புக்குளத்தில் நாங்களும் பக்கத்து வியாபாரியும் ஒரே அறையில்தான் கணக்குப் பார்க்கிறோம். அவருடைய கணக்கர் விசைப்பலகையைத் தட்டிய சத்தத்தில், போனில் சொன்ன 'ஏழு மூட்டை' எங்கள் காதில் 'எட்டு' என விழுந்தது. திரும்பி வந்த மூட்டைக்கு வண்டி வாடகை எங்கள் தலையில்!

'மெக்கானிக்கல்' வகையில் விசைக்கொரு ஸ்பிரிங். அதில் நீல சுவிட்ச் பெரும்பாலும் சத்தமிடவே செய்யப்பட்டது. 'மெம்பரேன்' வகையில் விசைக்கு அடியில் ரப்பர் குமிழ்; சத்தமும் விலையும் குறைவு. வாங்குமுன் ஸ்பேஸ் பாரையும் என்டரையும் தட்டிப் பாருங்கள். அடியில் ரப்பர் விரிப்பிட்டால் மேசை அதிர்வும் அடங்கும்.

பாதி விலையை நாங்கள் கொடுத்து மாற்றினோம். கணக்கும் தப்பவில்லை, உறவும் கெடவில்லை.