படிக்குக் கீழே ஒரு கிராமம்

நவராத்திரிக்குப் பரணிலிருந்து பெட்டியை இறக்கியாயிற்றா? ராமர் பட்டாபிஷேகமும் செட்டியார் தம்பதியும் தாமாகவே படியேறிவிடுவார்கள். பாட்டி காலத்து மண் வீடுகளைத்தான் கையில் வைத்துக்கொண்டு விழிப்பீர்கள். ஒன்றின் கூரை மூளி. மற்றொன்று சாயம் வெளுத்தது. மூளிப் பொம்மை கொலுவுக்கு ஆகாது என்பார்கள். அதற்காகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், சகோதரிகளே! படியில் இடமில்லாவிட்டால் தரையில் இருக்கிறதே!

கனகம்மாசத்திரத்தையே அமைத்துப் பாருங்களேன். சென்னையிலிருந்து திருத்தணிக்குப் போகும் வழியில் உள்ள ஊர். செங்கல்லை அடுக்கிக் களிமண் பூசினால் தணிகை மலை. 365 படிகளையும் செய்ய வேண்டாம். கோலமாவினால் கோடு கிழித்தால் போதும். உச்சியில் முருகன். அடிவாரத்திலிருந்து மணல் பாதை. அதன் ஓரம் உங்கள் வீடுகள். பெரிய வீடுதான் சத்திரம். மூளிக் கூரையில் வைக்கோலைப் பரப்பினால் அது குடிசை! முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். நாலைந்து நாள் முன்னதாகத் தட்டில் கேழ்வரகு தெளித்து வைத்தால் பச்சை வயலும் தயார். தண்ணீர் தெளிக்கையில் வீடுகள்மேல் படக்கூடாது. விளக்கும் வைக்கோலுக்கு எட்டியே இருக்கட்டும்.

பழைய பொம்மையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். சாயம் துணியோடு வந்துவிடும். உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுங்கள். புதுச் சாயம் பூசவும் அவசரம் வேண்டாம். அந்த மங்கிய சிவப்பு, பாட்டியின் கண் பார்த்த சிவப்பு அல்லவா?

விஜயதசமி கழிந்ததும் பழைய வேஷ்டித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி வையுங்கள். எந்த வீடு யார் வாங்கியது என்று சீட்டெழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். ஒரு நாள் அதைத் திறந்து படிக்கப்போகிறவள் உங்கள் பேத்தி!