பிள்ளைக்குச் சூடு பட்டால் முதல் 20 நிமிடம்



சென்ற ரமலானில் ஒரு சகோதரர் மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகளுக்கு ஒன்றேகால் வயது. பள்ளிவாசலிலிருந்து தூக்குச் சட்டியில் வாங்கி வந்த நோன்புக் கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றிப் பாயில் வைத்திருக்கிறார்கள். பாங்கு சொல்லும் நேரம். எல்லோர் கவனமும் நோன்பு திறப்பதில். தவழ்ந்து வந்த பிள்ளை ஒரு கிண்ணத்தைப் பிடித்து இழுத்துவிட்டது. கையிலும் தொடையிலும் கஞ்சி. தேநீராவது வழிந்தோடிவிடும். கஞ்சி தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாமல் வைத்திருக்கும்.

நன்னி ஓடிவந்து பற்பசையைத் தடவினார். பக்கத்து வீட்டம்மா இட்லி மாவை எடுத்து வந்து பூசினார். மருத்துவமனையில் முதல் வேலையே அதையெல்லாம் கழுவி எடுப்பதாகிவிட்டது. சுட்டபோது அழுததைவிட அப்போதுதான் பிள்ளை அதிகம் துடித்தது என்று சொல்லித் தகப்பனார் கண் கலங்கினார். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாமும் நம் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் பேனா மை தடவியவர்கள்தாம்.

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் வெகுநேரம் சுடும் அல்லவா? சூடு பட்ட தோலும் அப்படித்தான். கஞ்சியைத் துடைத்துவிட்டாலும் உள்ளே இறங்கிய சூடு சதையைச் சுட்டுக்கொண்டே இருக்கும். சிறு பிள்ளையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது என்பதால் சூடு சீக்கிரம் ஆழத்துக்குப் போய்விடும். அந்தச் சூட்டை வெளியே இழுப்பது ஓடும் தண்ணீர் ஒன்றுதான். பற்பசை குளிர்ச்சியாகத் தெரிவது அதிலுள்ள மென்தால் செய்கிற வேலை. சூட்டை அது எடுப்பதில்லை. மாவும் முட்டையும் கிருமியைக் கொண்டு சேர்க்கும். மையும் மஞ்சள் களிம்பும் தோலின் நிறத்தை மறைப்பதால், காயம் எவ்வளவு ஆழம் என்று மருத்துவருக்குத் தெரியாமல் போகும்.

ஆகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே குழாயடிக்குப் போங்கள். நனைந்த உடுப்பையும் டயப்பரையும் உடனே கழற்றுங்கள். வளையல், கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்க வேண்டாம். பிறகு 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, காயத்தின்மேல் தண்ணீர் ஓடட்டும். பிள்ளை அழும், இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள். ஐஸ் வைக்கக் கூடாது, அது தோலை மேலும் கெடுக்கும். உடம்பின் மற்றப் பகுதியைத் துண்டால் போர்த்திக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைக்குக் குளிர் சீக்கிரம் ஏறும்.

நம் சைதாப்பேட்டை வீடுகளில் இதில் ஒரு சங்கடம் உண்டு. சித்திரை, வைகாசி மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும். பல வீடுகளில் குழாயும் கிடையாது, அடிபம்புதான். அப்படியானால் குடத்திலோ பானையிலோ இருக்கும் குளிர்ந்த தண்ணீரைச் சொம்பால் மொண்டு விடாமல் ஊற்றினால் போதும். பதற்றத்தில் முதலில் தோன்றாமல் போனால், மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு என்கிறார்கள் மருத்துவர்கள்.

பிறகு சுத்தமான வெள்ளைத் துணியால் லேசாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பிள்ளையின் உள்ளங்கை அளவைவிடக் காயம் பெரிதாக இருந்தாலோ, கொப்புளம் எழுந்தாலோ, தோல் வெளுத்துப் போனாலோ, முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டிருந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. பெரிய காயம் என்றால் தண்ணீர் ஊற்றும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும், தீக்காயப் பிரிவுள்ள கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் உள்ளன. தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். எப்படி நடந்தது என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சகோதரரின் வீட்டில், "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள்" என்ற சொல் பல நாள் ஓயவில்லையாம். அடுப்படியும் கூடமும் ஒன்றாயிருக்கும் ஒற்றை அறையில், எட்டுப் பேருக்கு இஃப்தார் ஆக்கிக்கொண்டே தவழும் பிள்ளையையும் பார்க்க எத்தனை கண் வேண்டும்? பாங்குக்கு முந்திய அந்தப் பத்து நிமிடம் பிள்ளை வாப்பாவின் மடியில் இருக்கட்டும். கஞ்சியை ஆற வைத்தே பாய்க்குக் கொண்டு வாருங்கள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு டீ குடிக்க வேண்டாம். குளிப்பாட்டும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர்.

அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளைக்குத் தொடையில் இப்போது வெளிறிய தழும்பு மட்டும்தான். போன வாரம் உம்மாவோடு அலுவலகத்துக்கு வந்திருந்தாள். நம் மேசையில் இருந்த டீ டம்ளரை நோக்கித்தான் முதலில் கை நீட்டினாள்.