ஒரு நொடிக்கு ஒரு லட்சம் கூட்டல்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு 1961இல் ஒரு கணினி இலவசமாக வந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பி.டி.பி-1, சந்தை விலை 1,20,000 டாலர். கூடவே வட்டமான ஒரு திரை. அங்கிருந்த மாதிரி ரயில் மன்றத்தின் மாணவர்களுக்கும் அவர்களோடு பழகிய இளம் பணியாளர்களுக்கும் அதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. இரண்டு பேர் விண்கலங்களை ஓட்டி ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் ‘ஸ்பேஸ்வார்’ அப்படித்தான் பிறந்தது.

நிரல் எழுதும் பொறுப்பு ஸ்டீவ் ரஸ்ஸலுடையது. கலத்தைத் திருப்ப சைன், கொசைன் கணக்கு வேண்டும், அதற்கான நிரல் இல்லையே என்று அவர் நாள் கடத்தினார். ஆலன் கோடாக் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்துக்கே போய், துளையிட்ட காகித நாடாவில் அதை வாங்கி வந்து நீட்டினார். சாக்கு தீர்ந்தது. 1962 தொடக்கத்தில் ஆட்டம் ஓடியது.

பிறகு ஆளுக்கொரு வேலை. பின்னணியில் ஏனோதானோவென்று சிதறியிருந்த புள்ளிகள் பீட்டர் சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. அவற்றை எடுத்துவிட்டு உண்மையான வான வரைபடத்தைப் புகுத்தினார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு நட்சத்திரத்தை வைத்து, அதற்கு ஈர்ப்பு விசையும் வேண்டும் என்றார்.

சிக்கல் அங்கேதான். பி.டி.பி-1 நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் கூட்டல்களே செய்யும். நினைவகத்தில் 18 பிட் கொண்ட 4,096 சொற்கள். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 9 கிலோபைட். திரையோ படத்தைத் தாங்கி நிற்காது. ஒவ்வொரு புள்ளியையும் திரும்பத் திரும்பப் போட வேண்டும்; தாமதித்தால் படம் மினுக்கும். ஈர்ப்புக் கணக்குக்கு நேரமே மிஞ்சவில்லை.

எட்வர்ட்ஸ் ஒரு வழி கண்டார். அதுவரை கலத்தின் வடிவத்தை ஒரு பட்டியலிலிருந்து ஒவ்வொரு முறையும் படித்துப் புரிந்துகொண்டே கணினி வரைந்தது. ஆட்டம் தொடங்கும்போதே அந்தப் பட்டியலை நேரடிக் கட்டளைகளாக மாற்றிவிடும்படி அவர் செய்தார். மிச்சமான நேரம் ஈர்ப்புக்குப் போயிற்று. அதுவும் கலங்களுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. அதனால் நட்சத்திரம் கலத்தை இழுக்கும். கலம் சுட்டுப் பக்கத்திலேயே பாயும் டார்பிடோவைத் தொடாது. இயற்பியலுக்கு ஒவ்வாத இந்த விதி, கணினியின் வறுமை விதித்தது.

ஆரம்பத்தில் கணினியின் முகப்பிலிருந்த சுவிட்சுகளைத் தட்டியே ஆடினார்கள். முழங்கை வலித்தது. திரையும் பக்கவாட்டில் இருந்ததால் ஒருவருக்கு நன்றாகத் தெரிந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை. கோடாக்கும் பாப் சாண்டர்ஸும் ரயில் மன்றத்தில் கிடந்த உதிரிச் சாமான்களைக் கொண்டு ஆளுக்கொரு கைப்பெட்டி செய்தார்கள்.

இந்த ஆட்டத்தைக் காசு போட்டு ஆடும் இயந்திரமாக்கும் முயற்சியும் ஒரு பல்கலைக்கழக வளாகத்திலிருந்தே வந்தது. பில் பிட்ஸும் அவருடைய நண்பர் ஹியூ டக்கும் ஒரு பி.டி.பி-11 கணினி வாங்கி, 1971 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் மையத்தில் ‘கேலக்ஸி கேம்’ என்று வைத்தார்கள். வியட்நாம் போருக்கு எதிர்ப்பு கொதித்த காலம். பெயரில் போர் வேண்டாம் என்று நினைத்தார்கள். ஓர் ஆட்டம் 10 சென்ட். கூட்டம் முண்டியது. செலவோ சுமார் 20,000 டாலர். முதலை எடுக்கவே 2 லட்சம் ஆட்டங்கள் நடக்க வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் உருவாக்கிய ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ சந்தைக்கு வந்தது. விலையைக் குறைக்க அவர்கள் கணினியையே தூக்கிவிட்டு, தர்க்கச் சில்லுகளால் ஆன சுற்றுகளை மட்டும் வைத்தார்கள். நடு நட்சத்திரமும் ஈர்ப்பும் அதில் இல்லை. எதிரே ஆடும் நண்பருக்குப் பதில் பறக்கும் தட்டுகள் வந்தன. மறு ஆண்டு இருவரும் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.